அறுந்த நரம்பின் நுனிகள்

பத்து நாற்பது. விசையை அழுத்தினேன், இருபது எண்ணினேன், விட்டேன். கண்ணாடிக் குழாய்க்குள் நூலில் தொங்கும் சதைத் துண்டு, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை அது, மெல்லச் சுருங்கி நூலை இழுத்தது. திரையில் பச்சைக் கோடு மேடாக எழும்பி, உச்சியில் கொஞ்சம் தயங்கி, இறங்கிப் படுத்தது. நோட்டில் எழுதினேன். அடுத்தது பத்து ஐம்பது. அதற்குள் என் மனைவி டெல்பின் கேட்டதற்கு ஒரு பதிலை யோசித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை விசையை விடும்போதும் நினைக்கிறேன். யோசிக்க ஆரம்பித்தவுடன் அவள் குரல்தான் வருகிறது, பதில் வருவதில்லை. காலையில் ஆட்டோவிலிருந்து என்னைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிவிட்டு, என் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதிப்பலகையில் வைத்துக்கொண்டே கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, கால்களைப் பார்த்துத்தான் கேட்டாள். "பிரிஜித்தக்கா நேத்து பேசினா. வயித்துல இருக்குற பிள்ளைய நமக்குத் தாரேங்கா. அத்தானுக்கும் சம்மதமாம். ஆனா அத்தானோட தங்கச்சியும் கேக்காளாம். இன்னைக்கு மத்தியானம் இடைவேளையில ஃபோன் பண்ணி ஆமா இல்லன்னு சொல்லிரணும். நீங்க என்ன சொல்லுதிய?" நான், நீ என்ன நினைக்க, என்றேன். "நான் உங்களத்தான் கேட்டேன்," என்றாள். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அவள் வேலை பார்க்கும் உலர்பூக் கம்பெனியில் எட்டரைக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். சாயம் முக்கும் கூடத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, பன்னிரண்டே கால் மணிக்குத்தான் கையில் தருவார்கள். பன்னிரண்டே கால். இப்போது பத்து நாற்பத்திரண்டு.

குழாயின் அடியிலிருந்து காற்றுக் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. துண்டுக்கு மூச்சு. அந்தச் சத்தம் இல்லாமல் இந்த அறை இல்லை, அந்தச் சத்தம் இல்லாமல் நானும் ஒரு காலத்தில் இல்லை. வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு பன்னிரண்டு பாகம் ஆழத்தில் சங்கு தேடிய நாளெல்லாம் காதுக்குள் இதே கொப்பளிப்புதான். தூத்துக்குடியில் சங்கு குளித்தவன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மீனின் நரம்பைக் கணக்கெடுக்கிறான் என்றால் யாரும் சிரிப்பார்கள், முதலில் நானும் சிரித்தேன். வசுமதி மேடத்துக்குத் திருக்கை வேண்டும், அடிபடாத திருக்கை, ஆணா பெண்ணா, பருவத்துக்கு வந்ததா வராததா என்று சொல்லக்கூடிய ஆள் வேண்டும். கரையில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பெர்க்மான்ஸுக்கு இடுப்புக்குக் கீழே வராது, ஆனால் திருக்கையைத் தொட்டாலே சொல்லிவிடுவான் என்று. தொட வேண்டியதே இல்லை. ஆணுக்கு வாலடியில் இரண்டு கோல் நீட்டிக்கொண்டிருக்கும், பிஞ்சு என்றால் அவை வளையும், முற்றியது என்றால் எலும்பு மாதிரி விறைத்திருக்கும். நான்கு வருடம் ஆகிறது. இப்போது நானே உப்பு நீர் கலக்குகிறேன். திருக்கையின் ரத்தத்தில் உப்போடு யூரியாவும் இருக்கிறது, வயலுக்குப் போடுகிற அதே சங்கதி, அதையும் அளந்து போட்டால்தான் அறுத்தெடுத்த துண்டு தான் இன்னும் மீனுக்குள்ளேதான் இருக்கிறோம் என்று நம்பும். நம்பும் என்பது என் வார்த்தை, மேடம் அப்படிச் சொல்ல மாட்டார். போன வாரம் முழுக்கப் பெண் திருக்கையின் கருப்பை. அது விசையே இல்லாமல் தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது, பிள்ளையைத் தாலாட்டுகிற தினுசில். இந்த வாரம் ஆண். விந்து வருகிற குழாய். இது அப்படி இல்லை, சும்மா இருந்தால் சும்மாதான் இருக்கும், மின்சாரம் கொடுத்தால்தான் அசையும். திங்கட்கிழமை முதல் துண்டைக் கட்டியபோது நான் மேடத்திடம் கேட்டேன், முதுகுத்தண்டிலிருந்து வருகிற நரம்பைத்தான் வெட்டியாச்சே மேடம், பிறகு எது இதை அசைக்குது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "வெட்டினது நடுவுலதான் பெர்க்மான்ஸ். நரம்போட நுனிகள் தசைக்குள்ளேயே இருக்கு, உயிரோட. நாம அதை எழுப்புறோம். இதுக்கு மூளை வேண்டியதில்லை." அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் யூரியா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ஏனென்றால் இதே வார்த்தைகளை, கிட்டத்தட்ட இதே வரிசையில், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

பத்து ஐம்பது. அழுத்தினேன். எழுந்தது, திரையில் பதிமூன்று கட்டம். மதுரையில் அந்த மறுவாழ்வு மையம், இரண்டாவது மாடி, ஜன்னலில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. டாக்டர் இளவழகன் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். டெல்பின் கீழே, சிறுநீர் எடுக்கிற ரப்பர்க் குழாய் வாங்க வரிசையில் நின்றாள். "குழந்தை பத்தி யோசிச்சீங்களா?" என்றார். எனக்குத் தலையே நிமிரவில்லை. "உங்களுக்கு அடிபட்டது நெஞ்சு உயரத்துல. மூளையிலிருந்து வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. அதுக்குக் கீழே இருக்கிற நரம்பெல்லாம் உயிரோட இருக்கு. அதிர்வு கொடுக்குற ஒரு கருவி இருக்கு, அதுல விந்து வரலாம். வரலைன்னா மயக்கம் கொடுத்து மின்சாரத்துல எடுப்போம். அதை உங்க மனைவிக்கு வைக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா வழி இருக்கு. அவங்களையும் கூட்டிட்டு வாங்க, சேர்ந்து பேசலாம்." சரி என்றேன். கீழே வந்தேன். டெல்பின் குழாய்ப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, "என்ன சொன்னாவ?" என்றாள். நான் யோசிக்கவில்லை. உண்மையிலேயே யோசிக்கவில்லை, தண்ணீருக்குள் சுறாவைப் பார்த்தால் கை தானாக உள்ளே மடங்குமே, அந்த மாதிரி வாய் சொல்லிவிட்டது. "அது நடக்காதாம்." எது என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துத் தோலை உரித்து என் கையில் தந்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தை நான் எப்படிக் கலைப்பேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் என்பது மூன்று வருடம்.

ஏன் சொல்லவில்லை. இதற்கு என்னிடம் மூன்று பதில் இருக்கிறது, மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். முதலாவது, வெட்கம். ஒரு மேஜையில் என்னைப் படுக்க வைத்து, எனக்கே தெரியாமல், எனக்கு ஒரு உணர்வும் இல்லாமல், என் உடம்பிலிருந்து எதையோ வரவழைப்பார்கள். அதில் நான் எங்கே இருக்கிறேன். அது என் பிள்ளையா, மின்சாரத்தின் பிள்ளையா. ஆனால் டெல்பின் வீட்டில் இருக்கும்போதெல்லாம் என் சிறுநீரை நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் குழாய் விட்டு எடுத்து அளந்து கொட்டுகிறவள், அவளிடம் எனக்கென்ன வெட்கம் மிச்சம். அப்படியென்றால் இரண்டாவது. பிள்ளை இல்லாவிட்டால் அவள் போகலாம். அடிபட்டபோது அவளுக்கு இருபத்தைந்து, கல்யாணமாகி ஒரு வருடம். வழி இல்லை என்று சொன்னால் அவளுக்குக் கதவு திறந்திருக்கும் என்று நினைத்தேன், அல்லது நினைத்ததாக நினைத்துக்கொண்டேன். இது கேட்க நன்றாக இருக்கிறது, பெரிய மனது மாதிரி. ஆனால் அவள் ஒரு தடவை அம்மா வீட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியபோது நான் சாப்பிடாமல் கிடந்தேனே, அது எந்த மனது. அதனால் மூன்றாவதுதான் நிஜமாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. முயற்சி பண்ணி, வராமல் போனால். மேஜையில் படுத்து, விசையை அழுத்தி, கோடு அசையாமலேயே போனால். வழி இருக்கிறது என்று எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருந்தேனே, அதுவும் போய்விடும். அதைத் தொடாமல் வைத்திருந்தால் அது இருந்துகொண்டே இருக்கும். நான் எனக்காக ஒரு ஆசையைப் பூட்டி வைத்துவிட்டு அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டேன். பதினொன்று. அழுத்தினேன். பதிமூன்று.

பதினொன்று பத்துக்குப் பேத்தை மீனின் விஷம். கடலில் பேத்தையைத் தொட மாட்டோம், வலையில் வந்தால் எட்டி உதைத்துவிடுவோம், இங்கே அதன் விஷத்தைச் சின்னப் புட்டியில் வாங்கி ஐஸில் வைத்திருக்கிறார்கள். அது நரம்பை மட்டும் வாயடைத்துவிடும், தசையை ஒன்றும் செய்யாது. விட்ட பிறகும் துண்டு அசைந்தால் அது தசையின் வேலை, அசையாவிட்டால் அதுவரை அசைத்தது நரம்புதான். மேடம் பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போவதற்கு முன் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். ஒரே ஒரு சொட்டு. விட்டேன். பத்து நிமிடம் குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் இந்த நேரத்தில் அந்தப் பெண் திருக்கை ஞாபகம் வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், கரையில் ஒரு புள்ளித் திருக்கையை இழுத்துப் போட்டார்கள், போட்ட அதிர்ச்சியில் அது குட்டிகளை விட்டுவிட்டது. மூன்று. உள்ளங்கை அகலம், வாலோடு, அச்சு அசலாகத் தாயைப் போலவே, மணலில் விளிம்பை அலைத்துக்கொண்டு கிடந்தன. திருக்கை உள்ளேயே பால் மாதிரி ஒன்றைச் சுரந்து குட்டிக்கு ஊட்டும் என்று மேடம் சொல்லித்தான் பிறகு தெரியும். அன்று நான் மூன்றையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்கு ஓடினேன். அவை என் கை மேலேயே கொஞ்ச நேரம் இருந்தன. வழவழப்பு. உயிருள்ள ஈரம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மணல் நிறத்தில் போய் மறைந்தன. ஓடினேன் என்று சொல்கிறேன். காலால் ஓடினேன். இடுப்பில் தண்ணீர் பட்டதும் வயிறு எக்கிக்கொண்டதே, அந்தக் குளிர். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கடல், கடைசி நாளும் கடல்தான். மூன்றாவது முறை இறங்கியிருக்கக் கூடாது, இறங்கினேன், குழாயில் காற்று இளைத்தது, சட்டென்று மேலே வந்துவிட்டேன், அப்படி வந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டி முதுகுத்தண்டைத் தாக்கும். வள்ளத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன், கால் மரத்திருக்கிறது என்றேன், எல்லோரும் உதறு என்றார்கள். உதறச் சொன்ன கால் எங்கே என்று தேடினேன்.

பதினொன்று இருபது. அழுத்தினேன். இருபது எண்ணினேன். கோடு அசையவில்லை. தரையில் இழுத்த நூல் மாதிரி நேராகப் போனது. ஆக, நரம்புதான். மேடம் சந்தோஷப்படுவார். எழுதினேன்: எழுச்சி இல்லை. இனி பழைய நீரை வடித்துப் புது நீர் விட வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, விஷம் கழுவிப்போய்த் துண்டு திரும்பி வருகிறதா என்று ஒரு மணிவரை பார்க்க வேண்டும். வடித்தேன், விட்டேன். நேரான கோடு. என் மார்புக்குக் கீழே மூன்று விரல்கடை தள்ளி ஒரு இடம் இருக்கிறது, அதற்கு மேலே நான், கீழே நான் இல்லை. அது எங்கே என்று என்னைவிட டெல்பினுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம் என் முழங்காலில் கையை வைத்து, தெரியுதா என்று கேட்டாள். தெரியுது என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள், கையைத் தொடைக்குக் கொண்டுவந்தாள், தெரியுதா, தெரியுது, வயிற்றில், தெரியுதா, தெரியுது. எல்லாம் பொய். பிறகு அவள் கை அந்த இடத்தைத் தாண்டியது. சாயக் காய்ப்பு ஏறிய உள்ளங்கை, சூடு, கொஞ்சம் சொரசொரப்பு. நான் மூச்சை இழுத்திருக்க வேண்டும். அவள் அதற்கு மேலே போகவில்லை. கையை அங்கேயே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு என்றைக்குப் படுத்தாலும் அவள் கை தானாக வந்து அந்த இடத்தில்தான் உட்கார்கிறது, நான் இருக்கிற பக்கத்தின் ஓரத்தில். என் பொய்யைக் கண்டுபிடித்தாள், அதைச் சொல்லிக்காட்டவில்லை, உண்மை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே போய்க் கையை வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளிடம். எனக்கு அந்தக் கை இப்போது வேண்டும். இந்த அறையில், இந்த நிமிடம், சட்டைக்கு மேலேயாவது. கால் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், கடல்கூட வேண்டாம், அந்த ஒரு கை அகலம் போதும். அதை நான் எதற்காக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்று நாற்பது, நேர்கோடு. பதினொன்று ஐம்பது, நேர்கோடு. அவள் அக்காவிடம் ஆமாம் என்பாள். ஆமாம் என்றால் அடுத்த மாதம் வீட்டில் ஒரு பிள்ளை. துணித் தொட்டில், பால் வாடை, அந்தச் சின்ன விரல்கள் என் விரலைப் பிடிக்கும், எனக்கும் ஆசையில்லாமலா. நான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நடக்கும், நன்றாகவே நடக்கும். ஆனால் எப்போதாவது, அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கின பிறகோ பள்ளிக்கூடம் போன பிறகோ, அவள் எங்கேயாவது கேள்விப்படுவாள், என்னைப் போன்ற ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது என்று. வந்து என் முன்னால் நிற்பாள். அப்போது அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நிற்கும். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சொன்னால் போய்விடுவாளோ. போகலாம். கதவைத் திறந்து வைத்ததாகச் சொல்லிக்கொண்டேனே, இப்போதுதான் அது நிஜமாகத் திறக்கப்போகிறது. பன்னிரண்டு. நேர்கோடு. பன்னிரண்டு பத்து. நேர்கோடு. பன்னிரண்டு பதினாறுக்கு ஃபோனை எடுத்தேன்.

"சாப்ட்டியளா?" என்றாள். பின்னால் பெண்கள் பேசுகிற இரைச்சல், டிபன் மூடி திறக்கிற சத்தம். அக்காட்ட பேசிட்டியா என்றேன். "இனிமேத்தான். என்ன சொல்லட்டும்?" "டெல்பின், மதுரையில டாக்டர் நடக்காதுன்னு சொல்லல," என்றேன். அவள், எது, என்றாள். "பிள்ளை. வழி இருக்குன்னுதான் சொன்னாவ. உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாவ. நான்தான் உங்கிட்ட மாத்திச் சொன்னேன்." இரைச்சல் தூரமாகப் போனது, அவள் எழுந்து வெளியே நடக்கிறாள் என்று தெரிந்தது. "அன்னைக்கா? நான் குழாய் வாங்க நின்னேனே, அன்னைக்கா?" ஆமா. "மூணு வருசமா?" ஆமா. ஏன் என்று கேட்பாள், என் மூன்று பதில்களில் எதைச் சொல்வது என்று தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. "ஃபோன வையுங்க," என்றாள். நான், டெல்பின், என்றேன். "வையுங்கன்னு சொல்லுதேன்லா." வைத்தேன். குமிழ்கள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. கடிகாரம் பன்னிரண்டு இருபத்தேழு. பன்னிரண்டு இருபதை நான் அழுத்தவில்லை. பன்னிரண்டு முப்பதுக்கு அழுத்தினேன், எண்ண மறந்துபோனேன், கோடு எழுந்ததா என்று நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

ஒரு மணிக்கு மேடம் வந்தார். கைப்பையை வைக்கும் முன்னாலேயே நோட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு இருபது எங்கே?" என்றார். அழுத்தல மேடம், ஃபோன்ல இருந்தேன், முப்பதும் சரியில்ல. என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல எதாவதா?" என்றார். தலையாட்டினேன். "அழுத்தலைன்னு எழுதிட்டுக் கிளம்புங்க. நான் பாத்துக்கிறேன்." எழுதினேன். அப்போதுதான் வெளியே ஆட்டோ நிற்கிற சத்தம். ஐந்தரைக்கு வர வேண்டியவள். என் நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். டெல்பின் உடைமரத்தடியில் நின்றிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகி, கையெல்லாம் ஊதாச் சாயம். அழுதிருந்தாள், ஆனால் எப்போதோ அழுது முடித்திருந்தாள். நான் பக்கத்தில் போகும்வரை காத்திருந்தாள். "அந்த டாக்டர் இன்னும் அங்கதான் இருக்காவ," என்றாள். "ஃபோன் போட்டுக் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் பாக்காவளாம். வெள்ளிக்கிழமைக்குப் பேரு குடுத்திருக்கேன்." நான், அக்காட்ட, என்று ஆரம்பித்தேன். "அத்தான் தங்கச்சிக்கே குடுக்கச் சொல்லிட்டேன்." கையிலிருந்த சாயத்தை முந்தானையில் துடைத்தாள். "நமக்கு வந்துரும்னு நினைச்சுச் சொல்லல. இந்த மனசோட ஒரு பிள்ளையக் கையில வாங்கக் கூடாது. ஆம்பளப் பிள்ளைன்னா என்ன பேரு, பொம்பளப் பிள்ளைன்னா என்ன பேருன்னு நேத்தே யோசிச்சு வச்சிருந்தேன்." எனக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது, நீட்டினேன். அவள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். "எனக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிட்டு. உங்களுக்குத் தெரியும்லா," என்றாள். தெரியும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கிட்ட எதுவும் பேசாதிய. நடக்கலைன்னா நடக்கல, அத நானும் சேந்து கேக்கணும். எனக்குப் பதிலா நீங்க கேட்டுட்டு வரக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பி ஆட்டோவைப் பார்த்து நடந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் நாற்காலியின் பிடியைப் பிடிக்காமல் முன்னால் போனாள். நானே தள்ளினேன். மரத்தடியிலிருந்து வாசல்வரை மணல், சக்கரம் புதைகிறது, ஒரு தள்ளுக்கு ஒரு சாண்தான் நகர்கிறது. உள்ளங்கை எரிந்தது. தோள் எரிந்தது. கூப்பிடவில்லை, பேசாதே என்று சொல்லியிருக்கிறாள். பாதி தூரத்தில் இடது சக்கரம் முழுதாகப் புதைந்து நின்றுவிட்டது, முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோவுக்கு நாலு எட்டு இருக்கும்போது நின்றாள், எனக்கு முதுகைக் காட்டியபடியே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். வார் நன்றாகத்தான் இருந்தது. நான் சக்கரத்தை முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுக்கும்வரை அவள் அதைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.